முன்னால் செல்லும் பெட்டியில்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

"வெங்காயம் உரித்தாலும்தான் கண்ணீர் வருகிறது. அதற்காக வெங்காயத்தைக் காவியம் என்பாயா?"

சென்ற ஆண்டு ஒரு மாலையில், விடுதி அறையில் நான் ஒரு பழைய பாட்டைப் பற்றி உருகிப் பேசியபோது, நண்பன் ஒருவன் என்னை மடக்கிய கேள்வி இது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அழ வைப்பதற்கென்றே கட்டிய ஒரு பாட்டுக்கு மதிப்பு ஏதும் உண்டா? அந்தக் கண்ணீரால் யாருக்கு என்ன பயன்? என் அறிவுக்கு எட்டிய விடையை இங்கே எழுதுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் குறை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

பாட்டு சொல்லும் கதை

1896-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த பாட்டு அது. 'இன் தி பேகேஜ் கோச் அஹெட்' என்பது அதன் பெயர். 'முன்னால் செல்லும் சாமான் பெட்டியில்' என்று பொருள் கொள்ளலாம். அந்நாட்டுப் புகைவண்டிகளில் என்ஜினை அடுத்து, பயணிகள் பெட்டிகளுக்கு முன்னால், மூட்டை முடிச்சுகளை ஏற்றும் பெட்டியைக் கோப்பது வழக்கம். இதை நினைவில் வைத்துக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

புயல் வீசும் ஓர் இருண்ட இரவு. ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. படுக்கை வசதி உள்ள பெட்டியில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஓர் இளைஞன் மட்டும் கைக்குழந்தையோடு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். குழந்தையோ வீறிட்டு அழுகிறது. பயணி ஒருவர் எரிச்சலோடு, குழந்தையின் வாயை அடக்கச் சொல்கிறார். இன்னொருவர், காசு கொடுத்துப் படுக்கை வாங்கியவர்கள் தூங்க வேண்டாமா என்று கேட்கிறார். அப்போது ஒரு பெண்மணி, குழந்தையின் தாய் எங்கே, அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாதா என்கிறாள். அதற்கு அந்த இளைஞன் சொல்லும் பதில்தான் பாட்டின் உயிர். கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேனே. அவள் உயிரற்ற உடலாக முன்னால் உள்ள சாமான் பெட்டியில் கிடக்கிறாள் என்கிறான் அவன்.

பெட்டியில் பேச்சு மூச்சில்லை. பிறகு எல்லோர் கண்களிலும் நீர். தூக்கம் கெட்டதென்று முணுமுணுத்த அதே பெட்டியில் பெண்கள் எழுந்து வந்து குழந்தையை வாங்கிச் சமாதானம் செய்கிறார்கள். குழந்தை அச்சம் நீங்கித் தூங்குகிறது. விடிந்ததும் ஒரு ஸ்டேஷனில் தகப்பன் எல்லோரிடமும் விடைபெற்று இறங்குகிறான். பயணிகள் தத்தம் வீடுகளுக்குப் போய் அந்தப் பெட்டியின் கதையைச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் பாட்டு.

எப்படி அழ வைக்கிறது?

கதையைச் சுருக்கிச் சொன்னால் இது ஒரு சாதாரணச் சோகக் கதை. ஆனால் பாட்டு கட்டப்பட்ட முறையைக் கவனித்தால் அதன் நுட்பம் புரியும்.

முதலாவது, செய்தியை மறைத்து வைக்கும் முறை. பாட்டின் முன்பகுதியில் அந்தப் பயணிகளுக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரியும். அழும் குழந்தை, செயலற்று உட்கார்ந்திருக்கும் தகப்பன், கெட்டுப்போன தூக்கம். 'இவன் என்ன மனிதன், குழந்தையை ஆற்றத் தெரியாதவன்' என்று நாமும் எண்ணத் தொடங்கும் நேரம் பார்த்து உண்மை வெளிப்படுகிறது. ஆகவே நாம் சிந்தும் கண்ணீரில் பாதி அந்தத் தகப்பனுக்காக. மீதிப் பாதி நாம் அவசரப்பட்டுச் சொன்ன தீர்ப்புக்காக.

இரண்டாவது, தூரம். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு சில பெட்டிகளே இருக்கின்றன. இயற்பியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இது வேறு மாதிரியும் தோன்றியது. இரண்டு பெட்டிகளும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஒன்றைப் பொறுத்து மற்றொன்றின் வேகம் சுழி. இரவு முழுவதும் எத்தனை மைல் ஓடினாலும் அந்த இடைவெளி ஓர் அங்குலம்கூடக் குறையாது. பக்கத்திலேயே இருந்தும் எட்ட முடியாத தூரம் என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா?

மூன்றாவது, தாளம். இதன் மெட்டு 'வால்ட்ஸ்' எனப்படும் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. நம் கணக்கில் 'தகிட, தகிட' என்று வரும் திஸ்ர நடை. ஜோடியாகச் சுழன்று ஆடும் நடனத்துக்கு உரிய தாளம் அது. ஆனால் மெதுவாகப் பாடினால், கையில் குழந்தையை ஏந்தி ஆட்டும் அசைவாகிவிடுகிறது. துக்கப் பாட்டுக்குள்ளே ஒரு தாலாட்டு ஒளிந்திருக்கிறது.

நான்காவது, சொல்லாமல் விட்டவை. அந்தத் தாய் எப்படி இறந்தாள், அவர்கள் எந்த ஊர், அவள் பெயர் என்ன என்று எதையும் பாட்டு சொல்லவில்லை. அதனால் கேட்கிற ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாவை அந்தப் பெட்டியில் வைத்துப் பார்க்க முடிந்தது.

அந்தக் காலத்து வீடுகள்

அப்படி வைத்துப் பார்க்க அன்றைய வீடுகளில் சாவுக்குக் குறைவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 6 முதல் 9 தாய்மார்கள் வரை பிள்ளைப்பேறு தொடர்பான காரணங்களால் இறந்தார்கள். அந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 100 பேர் முதல் ஆண்டு நிறையுமுன்னே மறைந்தார்கள். இன்று செல்வச் செழிப்பால் நாம் அறியும் அதே நாட்டில்தான் இந்த நிலை. மனைவியை இழந்து கைக்குழந்தையோடு நின்ற கணவன் அன்று தெருவுக்குத் தெரு காணக்கூடிய மனிதன்.

இறந்தவர் உடலை ரயிலில் கொண்டு செல்வதும் அந்நாட்டு மக்களுக்குப் பழக்கமான காட்சியே. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தொலைவில் மடிந்த வீரர்களைச் சொந்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தபோது, உடலைப் பதப்படுத்தும் முறை பரவியது. 1865-இல் சுடப்பட்டு இறந்த ஆபிரகாம் லிங்கனின் உடல், ஏப்ரல் 21 அன்று வாஷிங்டனில் புறப்பட்டு மே 3 அன்று ஸ்பிரிங்ஃபீல்டு போய்ச் சேரும் வரை, 1,600 மைலுக்கு மேல் ரயிலிலேயே சென்றது. அந்தப் பெட்டியில் இன்னொரு சிறிய சவப்பெட்டியும் இருந்தது. அதில் இருந்தவன் 1862-இல் பதினோரு வயதில் இறந்துபோன லிங்கனின் மகன் வில்லி. மகனுக்காகக் கலங்கிய தகப்பனும், தகப்பனுக்கு முன்னே போன மகனும் ஒரே பெட்டியில் ஊர் திரும்பினார்கள். வழி நெடுகிலும் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். அந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 1896-இல் இந்தப் பாட்டைக் கேட்டு அழுதவர்கள்.

பாட்டைக் கட்டியவர்

இனி, இதைக் கட்டியவர் யார் என்று பார்ப்போம். கஸ்ஸி டேவிஸ் என்பது அவர் பெயர். 1863-இல் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். அவர் பிறந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது.

இசை கற்க வேண்டும் என்ற ஆசையோடு இளைஞர் டேவிஸ் சின்சினாட்டி நகரில் ஓர் இசைக் கல்லூரியில் இடம் கேட்டார். கறுப்பர் என்பதால் இடம் கிடைக்கவில்லை. அதே கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். குறைந்த கூலிக்கு வேலை. அதற்கு ஈடாகத் தனியே இசைப் பாடம். மாணவனாக நுழைய முடியாத கட்டடத்துக்குள் துடைப்பத்தோடு நுழைந்து, கற்க வேண்டியதைக் கற்று வெளியே வந்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் சிறிது நேரம் மேலே படிக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் ஏறிய முதல் ஆள் நான். சேர்க்கைக்கு என்னோடு வந்த என் தந்தை, அலுவலக வராந்தாவில் கிடந்த பெஞ்சில்கூட உட்காராமல் மதியம் வரை நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் அப்பா என்றதற்கு, பரவாயில்லை என்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. இது நமக்கான இடமா என்ற தயக்கம் அவர் கால்களில் இருந்தது. டேவிஸின் துடைப்பத்தை நான் என் தந்தையின் கால்களைக் கொண்டுதான் புரிந்துகொண்டேன்.

டேவிஸ் 1880-லேயே பாட்டு வெளியிடத் தொடங்கிவிட்டார். 1895-இல் 'நியூயார்க் வோர்ல்டு' நாளிதழ் நாட்டின் சிறந்த பாட்டாசிரியர்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய போட்டியில் இரண்டாம் பரிசு அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டு வந்தது சாமான் பெட்டிப் பாட்டு. இசைத்தட்டு பரவாத அந்நாளில் பாட்டு விற்பது என்றால் அச்சிட்ட இசைத்தாளை விற்பதுதான். மக்கள் அதை வாங்கிப் போய் வீட்டுப் பியானோவில் வாசித்துப் பாடுவார்கள். இமோஜீன் கோமர் என்ற பாடகி மேடைதோறும் இதைப் பாடிப் புகழ் பெறச் செய்தார். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் டேவிஸ் நெடுங்காலம் வாழவில்லை. 1899-இல் முப்பத்தாறு வயது நிறையுமுன்னே மறைந்தார். 1886-இல் அவர் வெளியிட்ட வேறொரு பாட்டுதான், பிற்காலத்தில் லெட் பெல்லி பாடி உலகம் அறிந்த 'குட்நைட் ஐரீன்' பாட்டின் மூலம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். 1950-இல் 'வீவர்ஸ்' குழுவினர் அதைப் பாடியபோது அமெரிக்கா முழுவதும் முணுமுணுத்தது. டேவிஸின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

டேவிஸ் சில காலம் ரயிலில் போர்ட்டராகவும் வேலை பார்த்தவர். அந்நாளில் கண்ட நிகழ்ச்சியே இந்தப் பாட்டுக்குக் கரு என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் கூறுகிறார்கள். அமெரிக்காவில் அன்று போர்ட்டர் என்றால் ஸ்டேஷனில் மூட்டை தூக்குபவர் மட்டுமல்லர். புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிகளில் படுக்கை விரிப்பது, காலணிக்கு மெருகு போடுவது, இரவில் விழித்திருந்து பயணிகள் அழைத்தபோதெல்லாம் ஓடி வருவது ஆகிய அனைத்தும் அவர்கள் வேலை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களையே அந்த நிறுவனம் பெரும்பாலும் இதற்கு அமர்த்தியது. பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள்.

பாட்டை மீண்டும் எண்ணிப் பாருங்கள். எல்லோரும் படுத்துவிட்ட அந்தப் பெட்டியில், தகப்பனைத் தவிர இன்னொருவரும் விழித்திருந்திருப்பார். அவர்தான் போர்ட்டர். பாட்டில் தகப்பன் வருகிறான், பயணிகள் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள். போர்ட்டர் மட்டும் வரவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றவர் தம்மைப் பாட்டிலிருந்து நீக்கிக்கொண்டார் என்றே நான் எண்ணுகிறேன்.

அதே ஆண்டு, இன்னொரு ரயில் பெட்டி

1896-ஆம் ஆண்டுக்கு அமெரிக்க வரலாற்றில் வேறொரு சிறப்பும் உண்டு. சிறப்பு என்பதைவிடக் களங்கம் என்பது பொருந்தும். அதுவும் ஒரு ரயில் பெட்டியைப் பற்றியதே.

லூயிசியானா மாநிலம் 1890-இல் ஒரு சட்டம் இயற்றியது. வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி என்று ரயிலில் இருக்கைகளைப் பிரித்த சட்டம் அது. 1892 ஜூன் 7 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி, முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் ஏறி அமர்ந்தார். அவருடைய எட்டு பங்கு இரத்தத்தில் ஒரு பங்கே கறுப்பர் வழி வந்தது. ஆனாலும் கைது செய்யப்பட்டார். சட்டத்தைச் சோதிக்கவே திட்டமிட்டு நடந்த அறப்போர் அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1896 மே 18 அன்று ஏழு நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லும் என்றனர். ஹார்லன் என்ற ஒருவர் மட்டும் மறுத்துத் தீர்ப்பெழுதினார்.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. மற்ற இனத்துக் குழந்தையைப் பராமரிக்கும் தாதிக்கு இந்தத் தடை இல்லை! அதாவது, வெள்ளைக் குழந்தை ஒன்றை மடியில் வைத்திருந்தால் கறுப்பினப் பெண் வெள்ளையர் பெட்டியில் உட்காரலாம். தன் குழந்தையை மடியில் வைத்திருந்தால் உட்காரக் கூடாது. அழுகிற குழந்தை, அதை ஆற்ற வரும் பெண், ரயில் பெட்டி எல்லாம் பாட்டில் வருபவைதாம். பாட்டில் அவற்றை இரக்கம் இணைக்கிறது. சட்டத்தில் அவற்றைக் கணக்குப் பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு கறுப்பர் கட்டிய ரயில் பாட்டைக் கேட்டு நாடே கண்ணீர் விட்ட அதே ஆண்டில், அவர் இனத்தாரோடு ஒரே பெட்டியில் உட்கார வேண்டியதில்லை என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் நண்பனின் வெங்காயக் கேள்விக்கு இதைவிட வலுவான சான்று அவனுக்கே கிடைத்திருக்காது.

கண்ணீரின் கணக்கு

அப்படியானால் கண்ணீர் வீண்தானா? அந்த முடிவுக்கு வர எனக்கு மனமில்லை. பாட்டிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் உண்மையாகவே ஒரு மாற்றம் நடக்கிறது. அழுததோடு நிற்காமல், பெண்கள் எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறார்கள். வள்ளுவர் 'கண்ணோட்டம்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கண் ஓடிப் பிறரிடம் சென்று சேர்வதுதான் கண்ணோட்டம். கண்ணீர் கன்னத்தோடு நின்றுவிட்டால் வெங்காயம். கை நீண்டு குழந்தையை வாங்கினால் அது வேறு.

ஆனால் பாட்டில் ஒரு குறை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பயணிகள் எப்போது இரங்கினார்கள்? முன் பெட்டியில் பிணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு. அதற்கு முன் அந்தத் தகப்பனிடம் இரக்கத்தைப் பெறுவதற்கான சான்றிதழ் ஏதும் இல்லை. அழுகிற குழந்தை ஒன்று கையில் இருப்பது மட்டும் போதவில்லை. பிளெஸ்ஸியிடமும் முதல் வகுப்புச் சீட்டு இருந்தது, மனிதன் என்பது இருந்தது, அவையும் போதவில்லை. சான்று கேட்டு இரங்குகிற மனம், சான்று இல்லாதவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. ஒருவருடைய சோகம் முழுவதும் தெரிந்த பிறகுதான் நாம் இரங்குவோம் என்றால், எத்தனை பேருடைய முன் பெட்டியை நாம் திறந்து பார்க்க முடியும்?

சட்டம் கண்ணீரால் மாறவில்லை. அதற்கு உழைப்பும் ஒற்றுமையும் வேண்டியிருந்தன. 1925-இல் வெர்னன் டல்ஹார்ட் என்ற பாடகர் சாமான் பெட்டிப் பாட்டை இசைத்தட்டில் பாடி அதற்குப் புத்துயிர் கொடுத்தார். அதே 1925-இல், ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் படுக்கைப் பெட்டிப் போர்ட்டர்கள் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-இல் புல்மன் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். 1955-இல் மாண்ட்கோமரி நகரில் பஸ்ஸில் இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பிணையில் எடுக்க முன்னின்றவர் இ. டி. நிக்சன். அவரும் புல்மன் போர்ட்டர்தான்! அதைத் தொடர்ந்து நடந்த பஸ் புறக்கணிப்பின் முடிவில், 1956-இல், அந்நகரப் பஸ்களில் இனம் பார்த்து இருக்கை பிரிப்பது செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. பாட்டில் இடம் பெறாத போர்ட்டர்கள் வரலாற்றில் இடம் பெற்றுவிட்டார்கள்.

நண்பர்களே, கடைசியாக ஒன்று. டல்ஹார்ட் பாடிய பழைய தட்டின் ஒலியை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். கரகரவென்ற இரைச்சலுக்கு இடையே அந்தக் குரல் வரும். சென்ற மாதம் ஒருநாள் எங்கள் ஊர் செல்லும் கடைசி பஸ்ஸில் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழத் தொடங்கியது. பாட்டு சரியாகக் கேட்கவில்லையே என்று எனக்கு எரிச்சல் வந்தது! அப்படி எரிச்சல்பட்ட பிறகுதான், எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. வெட்கத்தோடு எழுந்து, நின்றுகொண்டிருந்த அந்த அக்காவுக்கு இடம் கொடுத்தேன். "குழந்தைக்கு என்னக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, தூக்கம் வருது. அதான்" என்றார்.

சாவு இல்லை, சோகம் இல்லை, முன் பெட்டியில் எதுவும் இல்லை. தூக்கம் வந்த ஒரு குழந்தை, அவ்வளவே. இடம் கொடுக்க அது போதும் என்று அன்று எனக்குத் தெரிந்தது. இறங்கும்போது நண்பனின் கேள்வி நினைவுக்கு வந்தது. அவனுக்கு இந்தக் கட்டுரையைத்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.